கரிசல் திரை – 17: இன்ஸ்பெக்டரும் ஏட்டையாவும்

தமிழ் சினிமாவில் சொன்ன பேச்சுக் கேட்காத போலீஸ்காரனை மேலதிகாரி மிரட்டும் மிரட்டல் ஒன்று உண்டு. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பார். சென்னையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களுக்கு அது எங்கோ இருக்கும் கண்காணாத சீமை. ராமநாதபுரத்தில் தொடங்கி விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, கடம்பூர் என்று நீளும் நம்முடைய மானாவாரிக் கரிசல்தான் அந்தக் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம். நம் பக்கத்துக் கொட்டகைகளில் அந்த வசனம் வந்தால் சிரிப்பு எழுந்து அடங்கச் சற்று நேரமாகும். மாற்றலாகி வரப்போகிற அதிகாரியை வரவேற்கக் காத்திருக்கிறவர்களின் சிரிப்பு அது.

அமெரிக்கப் படங்களில் இதே கட்டத்தில் வேறொன்று நடக்கும். மேலதிகாரி மேசையைத் தட்டுவார். பேட்ஜையும் துப்பாக்கியையும் கழற்றி வைத்துவிட்டுப் போ என்பார். இரண்டு போலீஸ்காரர்களும் வெளியே வந்து, அதுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள், முதல் முறையாக ஒன்றாக நிற்பார்கள். இரட்டைப் போலீஸ் நகைச்சுவைப் படம் என்று ஒரு தனி வகையே அங்கே உருவாகி ஐம்பது ஆண்டுகளாகச் செழித்திருக்கிறது. அந்த வகை நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆனது, ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்த இதழின் கதை. இந்தக் கதையின் முக்கியமான திருப்பங்களில் கோவில்பட்டி வட்டாரத்து மனிதர்களும் கோவில்பட்டியில் நடந்த ஒரு கொடுமையும் வருவதால், கரிசலின் திரை வரலாற்றில் இதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த வகையின் இலக்கணத்தை முதலில் பார்த்துவிடலாம். போலீஸ்காரர்கள் இருவர். ஒருவர் சட்டப் புத்தகம், மற்றவர் காட்டாறு. ஒருவருக்குக் குடும்பம் உண்டு, மற்றவருக்கு உயிர் மேலேயே ஆசை இல்லை. நிறம் வேறு, ஊர் வேறு, பேச்சு வேறு. சேர்ந்து வேலை செய்யச் சொல்லி உத்தரவு வரும்போது இருவருக்குமே பிடிக்காது. காரில் போகிற வழியெல்லாம் சண்டை. இடைவேளைக்குப் பிறகு ஒரு பெரிய பிணக்கு வந்து பிரிவார்கள். கடைசிச் சண்டைக்குச் சற்று முன்னால் ஒருவர் மற்றவரைத் தேடி வருவார். குற்றவாளி யார் என்பது பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இவர்கள் எப்போது ஒருவரை ஒருவர் நம்பப்போகிறார்கள் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். வழக்கு ஒரு சாக்கு. தானாகத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டாத ஒருவனோடு வேலையின் பொருட்டு நாள் முழுக்கக் கழிக்க வேண்டியிருப்பது தீப்பெட்டி ஆபீசிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை எல்லோருக்கும் தெரிந்த அவஸ்தை. அந்த அவஸ்தை மெல்ல மெல்லப் பாசமாக மாறுவதைத் திரையில் பார்க்கும்போது வருகிற நிம்மதியில்தான் இந்த வகையின் கவர்ச்சி முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

போலீஸைப் பார்த்துச் சிரிப்பது சினிமா பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. மேக் சென்னட் 1912ல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தின் மௌனப் படங்களில் ஒரு போலீஸ் படையே தடுக்கி விழும், ஒருவர் மேல் ஒருவர் மோதும், ஒரே வண்டியில் அத்தனை பேரும் தொற்றிக்கொண்டு போவார்கள். 1914ல் அந்த நிறுவனத்தின் படங்களில்தான் சார்லி சாப்ளின் திரைக்கு வந்தார். 1917ல் ‘ஈஸி ஸ்ட்ரீட்’ படத்தில் அவரே போலீஸ் சீருடை மாட்டிக்கொண்டு, ஊரையே நடுங்க வைக்கும் முரடன் ஒருவனின் தெருவுக்குக் காவல் போனார். சாப்ளின் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

இரண்டு துப்பறிவாளர்கள் சேர்ந்து நடக்கிற கதைக்கு முன்னோடியாகப் பலரும் சொல்வது அகிரா குரோசவாவின் 1949ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்ட்ரே டாக்’. நெரிசலான பேருந்தில் துப்பாக்கியைப் பறிகொடுத்துவிட்டுத் தவிக்கும் இளம் போலீஸ்காரனாக டோஷிரோ மிஃபுனே. அவனைத் தணித்து வழிநடத்தும் மூத்தவராக தகாஷி ஷிமுரா. 1967ல் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ அமெரிக்கத் தென்பகுதியின் வெள்ளைக்காரப் போலீஸ் தலைவரையும் பிலடெல்பியாவிலிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளரையும் ஒரே கொலை வழக்கில் கட்டிப்போட்டு, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அதில் சிரிப்பு குறைவு, உரசல் அதிகம். அந்த உரசலை எடுத்துச் சிரிப்பாக்கியது 1982ல் வந்த ‘48 ஹவர்ஸ்’. 1987ன் ‘லெத்தல் வெப்பன்’ இலக்கணத்தை உறுதிப்படுத்தியது. 1998ல் ‘ரஷ் அவர்’ ஹாங்காங் போலீஸ்காரர் ஜாக்கி சானையும் லாஸ் ஏஞ்சல்ஸ் வாயாடி கிறிஸ் டக்கரையும் சேர்த்து விட்டு, அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. இருவரும் ஏறக்குறைய சமம். ஒருவர் மற்றவரைப் பார்த்துக் கத்தலாம், கேலி செய்யலாம், மூக்கில் குத்தலாம். குத்து வாங்கியவர் திருப்பியும் குத்தலாம். தமிழில் அந்தச் சமம்தான் வரவில்லை. வராததற்கான காரணங்களைத் தேடினால் சினிமாவுக்கு வெளியே, நம் மண்ணின் பழைய கணக்குக்குப் போக வேண்டியிருக்கிறது.

நெல்லைச் சீமைப் பாளையங்களில் கடம்பூரும் ஒன்று. போலீஸ் என்று ஓர் இலாகா உருவாவதற்கு முன்னால் இங்கே இருந்தது காவல் முறை. ஊருக்குள் தலக்காவல், சுற்று வட்டாரத்துக்குத் திசைக்காவல். காவலுக்கு ஊர் கூலி அளக்கும். களவு போனால் காவல்காரர் துப்புக் கண்டு பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். நடைமுறையில் துப்புக்கூலி கொடுத்தால் தொலைந்த மாடு தொழுவத்துக்கு வந்து சேரும் என்ற நிலையும் இருந்தது. களவுக்கும் காவலுக்கும் நடுவே இருந்த கோடு அவ்வளவு மெல்லியது. அதை ஊரும் அறிந்திருந்தது, ஊர் அதைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்கவும் செய்தது. கயத்தாறில் 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801ல் பாளையக்காரர் போர் முடிந்ததும், அந்தக் காவல் உரிமைகளைக் கும்பெனி ஆட்சி பறித்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் போலீஸ் சட்டத்தோடு சீருடை, அணிவகுப்பு, பதவிப் படிநிலை எல்லாம் வந்தன. புதிய காவல்காரர் ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. களவு போனால் ஈடு கட்டவும் மாட்டார். ஊர் பயப்படக் கற்றுக்கொண்டது.

அந்தப் பயத்தைத் திரையில் கேலி செய்யவும் வழி இல்லாமல் இருந்தது. 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின் கீழ் அமைந்த மதராஸ் தணிக்கைக் குழுவுக்குத் தலைவரே சென்னை நகரப் போலீஸ் கமிஷனர்தான். படத்தை அனுமதிப்பதா வெட்டுவதா என்று முடிவு செய்கிறவர் காக்கிச் சட்டைக்காரராக இருக்கும்போது, காக்கிச் சட்டையை வைத்து எவ்வளவு விளையாட முடியும்? எழுத்தில் கொஞ்சம் விளையாடினார்கள். 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு அசட்டுத்தனத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் துப்புத் துலக்கினார். பக்கத்தில் நின்று வியந்துகொண்டிருந்தவர் இன்ஸ்பெக்டர் கோபாலன். கவனித்துப் பாருங்கள், அங்கே அசடு போலீஸ்காரர் இல்லை, தனியார் துப்பறிவாளர். இன்ஸ்பெக்டரின் மரியாதைக்குப் பங்கமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1954ல் ஏவி.எம். தயாரித்து, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. பாட்டே இல்லாத படம் என்றும், சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக நடித்த படம் என்றும் அதைப் பேசுவார்கள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது வேறு. 1943ல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நேரத்தில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்க வருகிறவர்கள் இரண்டு பேர். ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. சிவானந்தம், பி.டி.சம்பந்தம் நடித்த இன்ஸ்பெக்டர் புருஷோத்தம நாயுடு. ஒவ்வொரு சாட்சியும் தன் பார்வையில் ஒரு கதை சொல்ல, நாயுடு சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவுகிறார். சிவானந்தம் நிதானமாக அடுத்த கேள்விக்குப் போகிறார். இருவரும் அதிகாரிகள். ஒருவர் அவசரம், ஒருவர் அமைதி. இரட்டைப் போலீஸ் இலக்கணத்தின் விதை அங்கே, ஹாலிவுட் அதைக் கண்டுபிடிப்பதற்கு வெகு முன்னாலேயே, தமிழில் விழுந்துவிட்டது. படம் அன்றைக்கு ஓடியிருந்தால் அந்தச் செடி வளர்ந்திருக்கக்கூடும். பாட்டில்லாத படத்தை அன்றைய ரசிகர்கள் ஏற்கவில்லை. இன்று கொண்டாடுகிற அளவுக்கு அன்று யாரும் கொண்டாடவில்லை.

1962ல் ஸ்ரீதர் இயக்கிய ‘போலீஸ்காரன் மகள்’ பி.எஸ்.ராமையாவின் நாடகத்திலிருந்து வந்தது. எஸ்.வி.சகஸ்ரநாமம் நடித்த அந்தப் போலீஸ்காரரிடம் சிரிக்க ஒன்றும் இல்லை, மதிக்க நிறைய இருந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும் மாற்றம். 1974 ஜூனில் ‘தங்கப்பதக்கம்’ வந்து, தமிழ்ப் போலீஸ் படம் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சையே வார்த்துவிட்டது. எஸ்.பி. சௌத்ரியாகச் சிவாஜி. பெற்ற மகனையே சட்டத்துக்காகத் தண்டிக்கும் கல் மனிதர். அதே படத்தில் சோ இரட்டை வேடம் போட்டார். அதில் ஒன்று போலீஸ்காரர். அழுத்தமான சிவாஜி காட்சிகளுக்கு நடுவே சோ வந்து அரசியலையும் காக்கியையும் கலாய்த்துவிட்டுப் போவார்.

அந்தப் படம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் விளக்குப் போடுவார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடாரக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். சோ காக்கியில் வந்து பேசத் தொடங்கியதும் மணல் குவித்து உட்கார்ந்திருந்த தரை டிக்கெட்டில் பாதிப் பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தாரா என்று பார்க்க வேண்டுமே. அவர் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் கொட்டகையே தைரியமாகச் சிரித்தது. அடுத்து சிவாஜி திரையில் வந்தபோது அதே ஆள் கம்பத்தை விட்டு நகர்ந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தமிழ்ப் போலீஸ் படத்தின் வேலைப் பிரிவினை முழுவதையும் அந்த ஒரு மனிதர் அன்று நின்ற நிலையிலேயே காட்டிவிட்டார். மரியாதை அதிகாரிக்கு. சிரிப்பு காவலருக்கு.

இந்தப் பிரிவினை அடுத்த முப்பது ஆண்டுகள் அசையவில்லை. அதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. எழுபதுகளின் இறுதியிலிருந்து தமிழ்ப் படங்களில் நகைச்சுவை தனித் தடமாக எழுதப்பட்டது. ஏ.வீரப்பன் போன்ற எழுத்தாளர்கள் கவுண்டமணி–செந்தில் காட்சிகளைக் கதைக்கு வெளியே தனியாக எழுதித் தந்தார்கள். தமிழில் இரட்டையர் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த இரட்டையர் ஒரு பாதையில் போனார்கள், போலீஸ் கதாநாயகன் இன்னொரு பாதையில் போனான். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் கதாநாயகன் ஒரு முறை புன்னகைப்பான், அவ்வளவுதான். கதாநாயகனைப் பார்த்துச் சமமாகக் கத்துகிற, அவனை முட்டாள் என்று சொல்கிற உரிமை எந்த நடிகருக்கும் கிடையாது. ரசிகர் மன்றம் ஒத்துக்கொள்ளாது. சமமாகக் கத்த முடியாத இடத்தில் இந்த வகைப் படம் பிறக்க முடியாது.

பக்கத்து மலையாளத்தில் நட்சத்திரங்கள் அந்த வகையில் இளகியிருந்தார்கள். 1987ல் சீனிவாசன் எழுதி சத்யன் அந்திக்காடு இயக்கிய ‘நாடோடிக்காற்று’ படத்தில் வேலையில்லாத இரண்டு இளைஞர்களைத் துபாய் என்று சொல்லிச் சென்னைக் கடற்கரையில் இறக்கி விடுகிறார்கள். கடத்தல்காரர்கள் அவர்களைச் சி.ஐ.டி.கள் என்று தவறாக நினைத்து நடுங்குகிறார்கள். மோகன்லாலும் சீனிவாசனும் படம் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த இரண்டு படங்களில் அவர்கள் நிஜமாகவே சி.ஐ.டி. ஆகிவிட்டார்கள், 1990ல் அமெரிக்கா வரைக்கும் போனார்கள். தமிழில் அதே கதையை 1988ல் முக்தா சீனிவாசன் ‘கதாநாயகன்’ என்று எடுத்தார். பாண்டியராஜனும் எஸ்.வி.சேகரும் நடித்தார்கள். அதோடு நின்றுவிட்டது.

தமிழில் இந்த அச்சைத் தலைகீழாக்கிப் பார்த்த படம் என்று நான் மதிப்பது 2007ல் சுராஜ் இயக்கிய ‘மருதமலை’. அதைப் பெரிய படம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. கதாநாயகன் மருதமலையாக வரும் அர்ஜுன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சாதாரணக் காவலர். அவருக்கு மேலே ஏட்டு, வடிவேலு நடித்த ‘என்கவுன்டர்’ ஏகாம்பரம். பதவிப்படி கதாநாயகன் நகைச்சுவை நடிகருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தால் எத்தனை கதவுகள் திறக்கின்றன பாருங்கள். ஏகாம்பரம் அதட்டலாம், புத்தி சொல்லலாம், பழைய வீரப் பிரதாபங்களை அளக்கலாம். மருதமலை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெயரில் இருக்கிற என்கவுன்டர் கையில் இல்லை என்பது நமக்குத் தெரியும், மருதமலைக்குத் தெரியும், ஏகாம்பரத்துக்கும் உள்ளூரத் தெரியும். வடிவேலுவின் முகத்தில் வீறாப்பு மெல்ல இறங்கி, கண் இரண்டும் தப்பிக்க வழி தேடி, கடைசியில் குரல் மட்டும் அதிகாரத்தில் மிச்சம் நிற்கிற அந்தச் சில வினாடிகள் எந்த நாட்டு நகைச்சுவைக்கும் சளைத்தவை அல்ல. அந்த ஏட்டையாவை நாம் பார்த்திருக்கிறோம். திருவிழாவில், சந்தையில், பேருந்து நிலையத்து டீக்கடையில் அவர் நின்றிருக்கிறார். மேலிடத்து ஏச்சையும் ஊர்க்காரர் சாபத்தையும் ஒரே சட்டைக்குள் வாங்கிக்கொண்டு, இரவு ரோந்தும் பந்தோபஸ்துமாகக் காலம் தள்ளுகிறவர். வடிவேலு அவரைக் கேலி செய்தாலும் கைவிடவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2010 மே மாதம், கதை நம் மாவட்டத்துக்கே வந்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான இயக்குநர் ஹரி ஏற்கெனவே 2003ல் ‘சாமி’ படத்தைத் திருநெல்வேலியில் நிறுத்தியிருந்தார். இப்போது ‘சிங்கம்’. தூத்துக்குடி மாவட்டத்து நல்லூர், அந்த ஊரின் சப்-இன்ஸ்பெக்டர் துரைசிங்கமாகச் சூர்யா. அவர் பக்கத்தில் காவலர் எரிமலையாக விவேக். துரைசிங்கம் பாய்கிறவர், கர்ஜிக்கிறவர், ஓங்கி அடிக்கிறவர். எரிமலை பெயரில் மட்டும் வெடிக்கிறவர். மறுபடியும் பழைய பிரிவினைதான். ஆனால் விவேக் அதற்குள் தன் குசும்பை நுழைத்தார். 2011ல் இந்திக்குப் போன ‘சிங்கம்’ அங்கே ஒரு பெரிய போலீஸ் படத் தொடரையே பெற்றுப்போட்டது. இங்கே 2013ல் இரண்டாம் பாகம் வந்தபோது விவேக்கோடு சந்தானமும் சேர்ந்தார். 2017ல் மூன்றாம் பாகத்தில் காவலர் வேடம் சூரிக்குப் போனது. அந்தச் சூரியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவேக் பிறந்தது கோவில்பட்டியில், 1961 நவம்பரில். பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து, நகைச்சுவை மன்றத்தில் பேசிப் பேசிப் பழகி, 1987ல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் கே.பாலசந்தரால் திரைக்கு வந்தவர். அவருக்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1983ல் ‘பொய்க்கால் குதிரை’ படத்தில் அதே பாலசந்தர் அறிமுகப்படுத்திய இன்னொருவர் விருதுநகரில் பிறந்து கோவில்பட்டியில் வளர்ந்த மனோகர். சாப்ளின் மேல் கொண்ட பிரியத்தால் சார்லி என்று பெயர் மாறியவர். தமிழ்த் திரையின் நகைச்சுவை நடிகர்களைப் பற்றி ஆய்வு செய்து, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். சிரிக்க வைக்கிற தொழிலில் இருந்துகொண்டே அதன் முன்னோர்களை உட்கார்ந்து படித்தவர் என்ற வகையில் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரே ஊர்த் தொடர்பும் ஒரே குருவும் கொண்ட இந்த இருவரும், சமமான இரட்டையராகத் துப்புத் துலக்கும் படம் ஒன்று 2019 ஏப்ரலில் வந்தது. விவேக் இளங்கோவன் இயக்கிய ‘வெள்ளைப் பூக்கள்’. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ராமநாதனாக விவேக், பாரதிதாசனாகச் சார்லி. ராமநாதன் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். மகன் கட்டியிருப்பது அமெரிக்கப் பெண்ணை. மருமகளோடு ஒட்டவும் முடியவில்லை, வெட்டவும் முடியவில்லை. அக்கம்பக்கத்தில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். பழைய போலீஸ் புத்தி சும்மா இருக்குமா? ராமநாதன் தன் கணக்கில் விசாரணையைத் தொடங்க, பேச்சுத் துணைக்குக் கிடைத்த பாரதிதாசன் கூடவே நடக்கிறார்.

அடிப்படையில் அது மர்மப் படம், கடைசியில் கனமான இடத்துக்குப் போகிற படம். நகைச்சுவைப் படம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த இருவரும் சேர்ந்து நடக்கிற காட்சிகளில், அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ‘அந்த நாள்’ விட்டுச்சென்ற இடத்திலிருந்து கதை மறுபடி தொடங்கியது போல எனக்குப் பட்டது. காரணம் எளிது. ராமநாதனுக்கு அங்கே சீருடை இல்லை, ஜீப் இல்லை, சல்யூட் அடிக்க ஆள் இல்லை. தெருவில் போகிற எவருக்கும் அவர் யாரோ ஒரு வயதான இந்தியர். பதவி உதிர்ந்த இடத்தில்தான் தமிழ்ப் போலீஸ்காரருக்குச் சமமான ஒரு தோழன் வாய்க்கிறான். பாரதிதாசன் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கலாம், இடைமறிக்கலாம், பயந்து பின்வாங்கலாம், ராமநாதன் எரிச்சலடையலாம். இருவருமே ஒருவருக்கொருவர் தேவை. குரலை உயர்த்தாமல், முகத்தைக் கோணாமல், இரண்டு தேர்ந்த நகைச்சுவை நடிகர்கள் சிரிப்பை அடக்கிவைத்து நடித்த விதம் இன்னும் பலர் பார்க்க வேண்டியது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை எழுதாமல் இந்த அத்தியாயம் நகராது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காவல் நிலையத்தில் அடித்துச் சிதைத்து, கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்தார். அந்த நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், சக போலீஸார் சுற்றி இருக்க, அன்றிரவு கண்டதை அவரிடம் சாட்சியமாகச் சொன்னார். அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கை ஏற்ற சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

கோவில்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் அந்த நாட்களில் கடைகள் அடைத்துக் கிடந்தன. தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பாகும் போலீஸ் படங்களைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று பலர் சொன்னார்கள். காவலர் அடி வாங்கினால் சிரிப்பு, அதிகாரி அடித்தால் கைதட்டு என்ற பழைய ஒப்பந்தத்தில், அடி வாங்குகிற மூன்றாவது மனிதனைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் எழுதியிருந்தார். ‘சாமி’யும் ‘சிங்கமும்’ அவற்றின் தொடர்ச்சிகளும் சேர்ந்த ஐந்து. ஓடிய படத்தைப் பற்றி அதை எடுத்தவரே அப்படி எழுதுவது தமிழ்த் திரையுலகில் அரிது. அதைச் சொன்னவர் இதே மாவட்டத்தின் மண்ணைப் படமாக்கியவர் என்பதால் அந்த வரி எனக்கு இன்னும் கனக்கிறது.

2021 ஏப்ரல் 17 அன்று விவேக் மாரடைப்பால் மறைந்தார். தமிழ்நாடு அரசு அவருக்குக் காவல்துறை மரியாதை கொடுத்தது. காவலர் எரிமலையாக நம்மைச் சிரிக்க வைத்தவரின் உடலுக்கு முன் நிஜக் காவலர்கள் அணிவகுத்து நின்று துப்பாக்கியை வானம் நோக்கி உயர்த்தினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பிராங்க்ளின் ஜேக்கப்பின் ‘ரைட்டர்’ வந்தது. காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வை நெருங்கும் ஒரு போலீஸ்காரராகச் சமுத்திரக்கனி. போலீஸாருக்குச் சங்கம் வேண்டும் என்று மன்றாடுகிற மனிதருக்கு, தன் நிலையத்தில் நடக்கும் அநியாயத்துக்குத் தானே கையெழுத்துப் போட நேர்கிறது. 2023 மார்ச்சில் வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகம். அதில் போலீஸ் படையின் ஓட்டுநராக, கடைநிலைக் காவலர் குமரேசனாக நடித்தவர் சூரி. ஆறு ஆண்டுகளுக்கு முன் ‘சிங்கம்’ மூன்றாம் பாகத்தில் வேடிக்கைக்காகக் காக்கி போட்டவர். இப்போது அதே காக்கியில் கதாநாயகன். கரடி தாக்கிய ஒரு மலைவாசிப் பெண்ணைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி மருத்துவத்துக்குக் கொண்டுபோனதற்காக மேலதிகாரி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். குமரேசன் கேட்க மறுக்கிறான். தண்டனை மேல் தண்டனை விழுகிறது. அவன் வேலையை விடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. சோ, வடிவேலு, விவேக் என்று நாம் சிரித்துப் பழகிய காக்கி வேடத்தில் ஒரு நகைச்சுவை நடிகர் வந்து நின்று, அதிகாரிக்கு முன்னால் முடியாது என்று சொல்வதைத் தமிழ் ரசிகர்கள் மூச்சடக்கிப் பார்த்தார்கள்.

இரண்டு போலீஸ்காரர்கள் சமமாக நின்று ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டு, வழக்கையும் முடிக்கிற முழு நீள நகைச்சுவைப் படம் தமிழில் வேரூன்றும் நாள் இன்னும் வரவில்லை. எடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: அதிகாரியை விட்டுவிடுங்கள். ஒரே நிலையத்தில், ஒரே ரோந்தில், ஒரே மோட்டார் சைக்கிளில் போகும் இரண்டு காவலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இந்த ஊர்க்காரர். மற்றவர் தண்டனை மாற்றலில் கடம்பூருக்கு வந்து சேர்ந்த புதியவர். வெயிலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அவர்களைச் சண்டைக்கு இழுத்துவிடும். மிச்சத்தை எழுதுகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

(அடுத்த இதழில்: தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும், அவற்றின் மேடையில் பபூன் பெற்ற இடமும், அந்த பபூன் சினிமாவுக்குள் நுழைந்த வழியும்.)